புகையில்லாத கரி

மொட்டை மாடியில் கோழி சுட அடுப்பு வாங்கியபோது, எதை எரிப்பது என்று முடிவு செய்தவன் நான்தான். கேஸ் வேண்டாமென்றேன், சமையலறையில் செய்வதையே மாடியிலும் செய்வானேன்? சீமைக்கருவேலக் கரி மலிவு. ஆனால் மூட்டத்தில் சரியாக வேகாத துண்டு ஒன்று கலந்திருந்தாலும் கண்ணைத் திறக்க முடியாது. அம்மாவுக்கோ ஆஸ்துமா. அதனால் பொள்ளாச்சியிலிருந்து தேங்காய்த் தொட்டிக் கரி தருவித்தேன்.

அருமையான கரி அது. ஓட்டின் வளைவு அப்படியே இருக்கும். இரண்டு துண்டுகளைத் தட்டினால் பீங்கான் போல ஒலிக்கும். மேலே வெள்ளைச் சாம்பல் படர்ந்து உள்ளே சிவக்கும்வரை பொறுத்திருந்தால் புகையே இருக்காது. கொழுப்பும் மசாலாவும் தணலில் சொட்டும்போது மட்டும் சீறிக்கொண்டு கொஞ்சம் எழும். சுட்ட கறியின் வாசனை பெரும்பாலும் அதில்தான் வருகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோழி பாதி வெந்திருக்கையில் மழை பிடித்துக்கொண்டது. நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் துணியால் பிடித்து அடுப்பை மாடிப்படி அறைக்குள் கொண்டுபோனோம். சாரல் அடிக்கிறதென்று கதவைச் சாத்தினேன். “புகைதான் இல்லையே” என்று நானே சொன்னேன். அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்தத் துண்டைத் திருப்ப வேண்டுமென்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் தலை கனக்கிறது என்றார். பசி, பித்தம் என்று ஆளுக்கொன்று சொன்னோம். கீழே அழைத்து வந்து படுக்கவைத்து, கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினேன். 98. நிம்மதியாக மாடிக்குப் போய் மிச்சக் கோழியைச் சுட்டேன்.

திரும்பி வந்தபோது அம்மா வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, என்றோ இறந்துபோன மாமாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

மருத்துவமனையில் நான் ஆஸ்துமாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். பணியிலிருந்த டாக்டரம்மா என் கைகளைப் பார்த்தார். முழங்கை வரை கரி.

“அடுப்பு எங்கே மூட்டினீங்க?”

“மாடியில.”

“திறந்த வெளியிலதானே?”

வாய் வரவில்லை. மழையில் ஊறிய அந்தக் கதவு லேசில் சாத்தாது. தோளைக் கொடுத்துத் தள்ளி, தாழ்ப்பாளை இரண்டு கையாலும் இழுத்துப் போட்டிருந்தேன். கீழே இடுக்கு தெரிந்ததால் ஒரு சாக்கையும் மடித்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஒவ்வொன்றையும் அவரிடம் சொன்னேன்.

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். விரலில் மாட்டும் கருவிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. என்னை நிம்மதியாக மாடிக்கு அனுப்பிய 98 அப்படி வந்ததுதான்.

இரவு முழுக்க ஆக்சிஜன் முகமூடியோடு கிடந்து அம்மா பிழைத்தார். அதன் பிறகு சில மாதங்கள், குழம்பில் உப்புப் போட்டோமா என்று அடுப்படியில் நின்று யோசிப்பார். இப்போது தெளிந்துவிட்டார். மாடிக்கு மட்டும் வருவதில்லை.

இன்றும் தொட்டிக் கரிதான் வாங்குகிறேன், திறந்த மாடிக்கு மட்டும். மழை வந்தால் கோழி கீழே தோசைக்கல்லுக்குப் போகும், அடுப்பு நனையட்டும். உங்கள் வீட்டில் கரி மூட்டிய நாளில் யாருக்காவது தலை வலித்தால், உடனே வெளிக்காற்றுக்கு அழைத்துப் போங்கள். மருத்துவரிடம் மற்ற நோய்களைச் சொல்லுமுன் கரி மூட்டியதைச் சொல்லுங்கள்.