தெற்குக் கரையின் அணி

1963 மே மாதத் தொடக்கத்தில் ராட்டர்டாம் துறைமுகத்திலிருந்து லிஸ்பனுக்கு இரண்டு கப்பல்கள் கிளம்பின. ஒன்றின் பெயர் குரோட்டெ பேர், இன்னொன்று வாட்டர்மன். இரண்டும் போர்க்காலத்தில் அமெரிக்காவில் கட்டப்பட்டவை. போர் முடிந்ததும் நெதர்லாந்து அரசு அவற்றை வாங்கி, முதலில் இந்தோனேசியாவுக்குச் சிப்பாய்களை அனுப்பியது. பிறகு கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பிழைப்புத் தேடிப் போன குடும்பங்களை ஏற்றிச் சென்றது. போனவர்களில் பலர் திரும்பி வராத பயணங்கள் அவை. 1963-இல் அதே கப்பல்களில் ஏறியவர்கள் ராட்டர்டாமின் ஃபெயனூர்ட் கிளப்பின் கால்பந்து ரசிகர்கள்.

ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதி. ராட்டர்டாமில் நடந்த முதல் ஆட்டம் கோலின்றி முடிந்திருந்தது. எதிரணி பென்ஃபிகா, அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் கோப்பையை வென்ற அணி, யுசேபியோவின் அணி. ஜெயிப்போம் என்று கணக்குப் போட்டுப் பார்த்த எவரும் அந்தக் கப்பலில் ஏறியிருக்க மாட்டார்கள். இரண்டு கப்பல் நிறைய ஆட்கள் ஏறினார்கள். 3-1 என்று தோற்றதைப் பார்த்துவிட்டு, அட்லாண்டிக் கரையோரமாக அதே கப்பல்களில் ஊர் திரும்பினார்கள். தோற்ற மறுநாள் பஸ்ஸில் ஊர் திரும்புவதே எவ்வளவு கனமாக இருக்கும் என்பது விளையாட்டுப் பைத்தியம் பிடித்த எல்லோருக்கும் தெரியும். இவர்களுக்கு நாள்கணக்கில் கடல். ஃபெயனூர்ட் கிளப்பின் மேல் எனக்குப் பற்று வந்தது இந்தக் கதையைப் படித்த பிறகுதான். கோப்பைகளின் பட்டியலை அதற்குப் பின்னால்தான் தேடினேன்.

ராட்டர்டாமை மாஸ் நதி இரண்டாகப் பிரிக்கிறது. பழைய நகரம் வடக்குக் கரையில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தெற்கே புதுத் துறைமுகங்கள் வெட்டப்பட்டபோது, பிராபன்ட், சேலாந்து பகுதிகளின் கிராமங்களிலிருந்து விவசாயக் குடும்பங்கள் மூட்டை தூக்க வந்து சேர்ந்தன. வடக்குக் கரைக்காரர்கள் அந்தப் பக்கத்தைக் குடியானவர் பக்கம் என்று சொல்லிச் சிரித்தார்கள். அந்தக் கரையில்தான், 1908 ஜூலை 19 அன்று, ஒரு மதுக்கடையில் கிளப் தொடங்கியது. முதலில் அரசியின் பெயரால் வில்ஹெல்மினா. பிறகு இரண்டு பெயர்கள் மாறி, 1912-இல் தாங்கள் வாழும் பேட்டையின் பெயரான ஃபெயனூர்டையே சூடிக்கொண்டார்கள். 1924-இல் முதல் தேசியப் பட்டம். பிழைக்க வந்த இடம் அவர்களுக்குச் சொந்த ஊராக மாறியதில் இந்த அணிக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம். பெற்றோர் இரண்டு வெவ்வேறு கிராமங்களிலிருந்து வந்திருக்கலாம். பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை போய் நின்றது ஒரே மைதானக் கயிற்றுக்குப் பின்னால்.

அடுத்து ஸ்டேடியம். டி கைப் என்று உலகம் அறிந்த அந்த அரங்கைக் கனவு கண்டவர் கிளப்பின் தலைவர் லேன் வான் சாந்த்ஃப்லீட். வரைந்தவர்கள் பிரிங்க்மன், வான் டெர் ஃப்ளுக்ட். இன்று யுனெஸ்கோவின் பாரம்பரியச் சின்னமாக இருக்கும் வான் நெல்லே தொழிற்சாலையும் அவர்கள் கைவேலைதான். உலகம் முழுக்கப் பொருளாதார மந்தம் அடித்துக்கொண்டிருந்த வருடங்களில் ஒரு துறைமுகத் தொழிலாளர் பேட்டைக்கு 60,000 பேருக்கு மேல் கொள்ளும் அரங்கம்! கண்ணை மறைக்கத் தூண்களே இல்லாமல், கீழ்த்தட்டின் தலைக்குமேல் மேல்தட்டு அந்தரத்தில் நீண்டு நிற்கும் எஃகுக் கட்டடம். 1937 மார்ச் 27 அன்று ஆன்ட்வெர்ப்பின் பேர்ஸ்காட் அணியை 5-2 என வென்று திறந்தார்கள். அதைப் பார்க்க வான் டெர் ஃப்ளுக்ட் இல்லை. முந்தைய ஆண்டே இறந்துவிட்டார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1940 மே 14 அன்று, ஜெர்மானிய விமானங்கள் ராட்டர்டாமின் மையத்தை எரித்துச் சாம்பலாக்கின. ஏறக்குறைய 80,000 பேர் வீடிழந்தார்கள். இன்று அந்த நகரத்தில் நடந்தால் எங்கும் கண்ணாடியும் கான்கிரீட்டும்தான்; தாத்தா திருமணம் செய்த கோயில், பாட்டி பொருள் வாங்கிய தெரு என்று காட்ட மையத்தில் அநேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை. தெற்கே டி கைப் மிஞ்சியது. ஆகவே அந்த ஊரில் தாத்தா நின்ற அதே படியில் பேரன் நிற்க முடிகிற பெரிய பொது இடம் ஒன்று உண்டென்றால் அது கால்பந்து அரங்கம்தான். நான் அங்கே மேல்தட்டில் உட்கார்ந்து ஓர் ஆட்டம் பார்த்திருக்கிறேன். ரசிகர்கள் ஒன்றாகக் குதிக்கத் தொடங்கியதும் காலுக்குக் கீழே தளம் அதிர்ந்தது. எனக்கு நெஞ்சு படபடத்தது. பக்கத்தில் இருந்தவர்கள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

அரங்கின் வெளியே குன் மூலைனுக்குச் சிலை இருக்கிறது. 1955 முதல் 1972 வரை இடது ஓரத்தில் ஓடியவர். வடக்கும் தெற்கும் சண்டையில்லாமல் ஒப்புக்கொண்ட மனிதர். ஓய்வுக்குப் பிறகு ராட்டர்டாமிலேயே துணிக்கடை நடத்தினார். 2011 ஜனவரியில் அவர் இறந்தபோது நகரம் சொந்த வீட்டுத் துக்கம்போல அனுசரித்தது.

அவருக்கும் அவர் தலைமுறைக்கும் உச்சம் 1970 மே 6, மிலானின் சான் சீரோவில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். பயிற்சியாளர் ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட் ஹாப்பெல். எதிரே, 1967-இல் கோப்பையை வென்றிருந்த செல்டிக். ஸ்காட்லாந்துக்காரர்கள் முதலில் கோல் போட, ரினுஸ் இஸ்ரயெல் தலையால் முட்டிச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தின் கடைசியில், 117-ஆவது நிமிடத்தில், ஸ்வீடன் நாட்டு ஓவே கிண்ட்வால் பந்தைக் கோல்கீப்பரின் தலைக்குமேல் தூக்கிவிட்டார். ஐரோப்பியக் கோப்பை முதன்முறையாக நெதர்லாந்துக்கு வந்தது. பரம எதிரியான ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் அதை வென்றது அடுத்த ஆண்டுதான். அயாக்ஸின் மூன்று தொடர் வெற்றிகளும் அதன் ஆட்டக்காரர் கிரைஃபின் புகழும் சேர்ந்து இந்த முதல் வெற்றியை உலகின் நினைவிலிருந்து ஓரமாகத் தள்ளிவிட்டன. இது நியாயமில்லை.

அதே செப்டம்பரில் அர்ஜென்டினாவின் எஸ்டுடியான்டெஸ் அணியுடன் உலகக் கிளப் பட்டத்துக்கான ஆட்டம். மாற்று ஆட்டக்காரராக இறங்கிய யோப் வான் டாலே மூக்குக்கண்ணாடி போட்டு விளையாடுபவர். அவர் அடித்த ஒற்றைக் கோல் பட்டத்தைத் தந்தது. எதிரணியினர் கண்ணாடியைப் பிடுங்கி நொறுக்கிவிட்டார்கள். நவம்பரில் ஸ்பார்ட்டா அணியுடன் நடந்த ஆட்டத்தில் கோல்கீப்பர் எடி டிரைட்டெல் உதைத்த பந்து, பறந்துகொண்டிருந்த கடற்காகம் ஒன்றில் பட்டு அது விழுந்து செத்தது. அந்தப் பறவையைப் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். வெள்ளிக் கோப்பைகள் எல்லாக் கிளப்பிலும் இருக்கும். உடைந்த கண்ணாடியையும் செத்த பறவையையும் மறக்காமல் வைத்திருக்கும் ஊரை எனக்குப் பிடிக்கிறது.

கிரைஃபும் ஒரு வருடம் இங்கே ஆடினார். 1983-இல் அயாக்ஸ் ஒப்பந்தத்தை நீட்டிக்க மறுத்ததும், 36 வயதில் நேரே எதிரி வீட்டுக்கு வந்தார். ரசிகர்களில் பலர் கொதித்தார்கள். செப்டம்பரில் ஆம்ஸ்டர்டாமில் 8-2 என்று உதை வேறு. ஆனால் பருவம் முடிந்தபோது லீக், கோப்பை இரண்டும் ஃபெயனூர்டிடம். பக்கத்தில் ஆடிய இளைஞர் ரூட் குல்லிட்.

எல்லாம் இனிப்பில்லை. அயாக்ஸ் மேல் உள்ள பகை, யூதர்களை இழிவுபடுத்தும் கோஷங்களாகவும் பலமுறை வெளிப்பட்டிருக்கிறது. 1997-இல் பெவர்வைக் அருகே இரு தரப்பு முரடர்களும் வயல்வெளியில் மோதி ஓர் உயிர் போனது. ஊர்ப்பற்றைக் கொண்டாடி எழுதுகிறவன் இதை விழுங்கிவிட்டு எழுதக்கூடாது. நாஜிகளின் குண்டில் எரிந்த ஒரு நகரத்தின் அரங்கில் அந்தக் கோஷங்கள் கேட்பது என்னை மிகவும் வருத்துகிறது.

2002 மே 6 அன்று ராட்டர்டாம் அரசியல்வாதி பிம் ஃபோர்ட்டாய்ன் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு நாள் கழித்து, முன்பே குறித்தபடி, டி கைப்பில் யூஈஎஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டம். டார்ட்முண்டை 3-2 என வென்றார்கள். சொந்த அரங்கில் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கும் பாக்கியம் மிகச் சில அணிகளுக்கே வாய்த்திருக்கிறது. வாய்த்தவர்களால் மனம்விட்டுக் கொண்டாட முடியவில்லை.

பிறகு சரிவு. கடன் கழுத்தை நெரித்தது. 2010 அக்டோபர் 24 அன்று ஐண்ட்ஹோவனில் பிஎஸ்வியிடம் 10-0. அந்தப் பருவத்தில் பத்தாம் இடம். ரசிகர்கள் அரங்கை விட்டுப் போகவில்லை. 12 என்ற எண்ணை எந்த ஆட்டக்காரருக்கும் கொடுக்காமல் அவர்களுக்கென்றே கிளப் ஒதுக்கிவைத்திருப்பது சரியான மரியாதை. 2017 மே 14 அன்று, ஹெராக்லெஸுக்கு எதிரே, மீனவர் குடும்பத்திலிருந்து வந்த 36 வயது டர்க் கைட் முதல் நிமிடத்திலேயே ஒரு கோல் போட்டு, மொத்தம் மூன்று போட்டு, லீக் பட்டத்துக்கான 18 ஆண்டுக் காத்திருப்பை முடித்துவைத்தார். சில நாளில் ஓய்வும் அறிவித்தார். 2023-இல் ஆர்னெ ஸ்லாட்டின் பயிற்சியில் பதினாறாவது பட்டம்.

நதிக்கரையில் பெரிய புது ஸ்டேடியம் கட்டும் திட்டம் ஒன்று பல வருடம் பேசப்பட்டது. செலவு ஏறிக்கொண்டே போக, 2022-இல் கைவிடப்பட்டது. எனக்கு அது நல்ல செய்தி. டி கைப்பில் இருக்கைகள் நெருக்கம், நடைவழிகள் குறுகல். புது அரங்கம் வந்தால் வருமானம் கூடும் என்று சொல்பவர்களின் கணக்கை மறுக்க மாட்டேன். இருக்கையை மாற்றட்டும், கூரையைப் பழுது பார்க்கட்டும், வாசல்களை அகலப்படுத்தட்டும். ஏற்கெனவே ஒருமுறை மையத்தையே இழந்த ஊர் இது. வான் டெர் ஃப்ளுக்ட் வரைந்துவிட்டுப் போன அந்த மேல்தட்டை இந்த முறை ஊர்க்காரர்களே தங்கள் கையால் இடிக்கக்கூடாது என்பதே என் கட்சி.