38 + 47 = 715

செமஸ்டர் முடிந்து வீட்டில் படுத்துக்கொண்டு செல்போனை நோண்டிக்கொண்டிருந்தவனை அத்தை ஒரே ஒரு போனில் கிளப்பிவிட்டார்.

"சும்மாதானடா இருக்க? ஒரு வாரம் இங்க வா. பசங்க மார்க்கை எல்லாம் செயலியில ஏத்தணும். எனக்கு இந்தக் கண்ணாடிய வச்சுக்கிட்டு முடியல. நீ நோட்டப் பாத்து வாசி, நான் ஏத்திக்கறேன். பி.காம் தானே படிக்கிற, கணக்குதானே?"

பி.காம் படிக்கிறவன் என்றால் ஊர் உலகத்துக்கு அவன் கணக்குப்பிள்ளைதான். என்ன சொன்னாலும் நம்ப மாட்டார்கள். சரி, அத்தை வைக்கிற மீன் குழம்புக்காகவாவது போகலாம் என்று கிளம்பிவிட்டேன் :-)

அத்தை விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியை. தலைமையாசிரியை என்றவுடன் பெரிய அறை, சுழல் நாற்காலி எல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள், 37 பிள்ளைகள். தலைமையாசிரியையும் வகுப்பெடுக்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் அதையும் பார்க்க வேண்டும்.

திங்கள்

காலையில் எட்டரைக்கெல்லாம் பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசு தொடக்கப்பள்ளிகளிலும் காலை உணவு உண்டு. "முன்னெல்லாம் பதினோரு மணிக்கு ரெண்டு புள்ளைங்க மயக்கமா சாஞ்சிடும். இப்ப அது இல்ல" என்றார் அத்தை.

ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில். 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022ல் வந்தது. கொரோனாவில் சின்ன வகுப்புகள் 2020 மார்ச் முதல் 2021 அக்டோபர் வரை மூடிக்கிடந்ததே, அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான். வகுப்பு எதுவாக இருந்தாலும், பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. மூன்றாம் வகுப்பில் இருப்பவன் அரும்பிலும் இருக்கலாம், இரண்டாம் வகுப்புக்காரி மலரிலும் இருக்கலாம்.

எனக்கு என் காலம் ஞாபகம் வந்தது. நான் செயல்வழிக் கற்றல் பேட்ச். அட்டை, கற்றல் ஏணி, தலைக்கு மேலே கம்பிப் பந்தல், சுவரோரம் ஆளுக்கொரு துண்டுக் கரும்பலகை. என்னோடு படித்தவர்களுக்கு இது சொன்னாலே புரியும். கழித்தல் அட்டையில் நான் மூன்று வாரம் ஒரே படியில் நின்றேன். பக்கத்தில் இருந்தவன் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தான். அந்த அவமானம் இன்னும் அடிவயிற்றில் எங்கேயோ இருக்கிறது.

சாயங்காலம் மார்க் ஏற்ற உட்கார்ந்தோம். நான் வாசிக்க, அத்தை தட்டினார். ஒரு பெயர் வந்தபோது மட்டும் கை நின்றது. ஏழுமலை என்று வைத்துக்கொள்வோம் (நிஜப் பெயர் அது இல்லை). மூன்றாம் வகுப்பு. கணக்கு: அரும்பு.

"இவன் மக்கு இல்லடா. வருஷத்துல பாதி நாள் இங்க இருக்க மாட்டான். பொங்கல் முடிஞ்சா அப்பா அம்மாவோட செங்கல் சூளைக்குப் போயிடுவான். ஜூன் கடைசியில கருத்துப் போய் வந்து நிப்பான்."

செவ்வாய்

பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கட்ட செங்கல் இறக்கி அடுக்கி வைத்திருந்தார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு அதன் நிழலில் நின்றுகொண்டிருந்தேன். ஏழுமலையும் வந்து நின்றான். பேச்சு கொடுக்கலாமே என்று, "இதுல எத்தனை கல் இருக்கும்னு நினைக்கிற?" என்று கேட்டேன். ஆயிரம், லட்சம் என்று ஏதாவது சொல்லுவான் என்று எதிர்பார்த்தேன்.

ஒரு சுற்று சுற்றி வந்தான். "எழுநூத்திப் பதினேழு."

"எப்படி?"

"இந்தப் பக்கம் பன்னெண்டு சார், அந்தப் பக்கம் ஆறு. பன்னெண்டு, இருபத்திநாலு, முப்பத்தாறு, நாப்பத்தெட்டு, அறுபது, எழுபத்திரண்டு. பத்து அடுக்கு. எழுநூத்தி இருபது. மேல மூணு கல்லு இல்ல பாருங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், நான் செல்போனை எடுத்துக் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். பி.காம் மூன்றாம் ஆண்டு!

ஓடிப்போய் அவன் நோட்டை எடுத்துப் பார்த்தேன். 38ஐயும் 47ஐயும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டச் சொல்லியிருந்தார்கள். விடை 715 என்று எழுதியிருந்தான். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி.

"ஏண்டா, 38 கல்லையும் 47 கல்லையும் சேர்த்தா 715 கல் வருமா?"

சிரித்துவிட்டான். "அதெப்படி சார் வரும்? எண்பத்தஞ்சு."

"அப்ப இது?"

"இது கணக்கு சார்."

இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. ராத்திரி தூக்கம் வரவில்லை.

புதன்

ராத்திரி தூங்காமல் தேடியதில் கிடைத்ததைச் சொல்கிறேன். 1985ல் பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் ஓர் ஆய்வு. தெருவில் தேங்காயும் பாப்கார்னும் விற்ற ஐந்து பிள்ளைகள். விற்கும் இடத்தில் வாடிக்கையாளர் போலக் கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி. அதே மாதிரிக் கணக்குகளைத் தாளில் எண்ணாகக் கொடுத்தால் 37 சதவீதம்தான்.

பொருளாதார நோபல் வாங்கிய அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் இருக்கும் ஒரு குழு நம் நாட்டிலேயே இதைப் பெரிய அளவில் செய்திருக்கிறது. 2025ல் நேச்சர் இதழில் வந்தது. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1400க்கும் மேற்பட்ட பிள்ளைகள். கடைக் கணக்கில் கில்லி, பள்ளிக் கணக்கில் தடுமாற்றம். இதில் இன்னொரு பாதியும் உண்டு. பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகளைச் சந்தைக் கணக்கு போடச் சொன்னால் அவர்களும் தடுமாறினார்கள். அதாவது அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கும் பாலம் இல்லை, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கும் பாலம் இல்லை.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் ஞாபகம் இருக்கிறதா? ரொக்க ஏடு ஒரு இருப்பைச் சொல்லும், பாஸ்புக் இன்னொன்றைச் சொல்லும். இரண்டில் ஒன்றைப் பொய் என்று தூக்கிப் போட மாட்டோம். வித்தியாசம் எங்கே வந்தது என்று தேடுவோம். ஏழுமலையிடமும் இரண்டு ஏடு இருந்தது. வாயில் 85, தாளில் 715.

தீக்குச்சிகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பத்துக்கு ஒரு கட்டு, மீதி உதிரி. 38 என்றால் மூணு கட்டு, எட்டு உதிரி. 47 என்றால் நாலு கட்டு, ஏழு உதிரி. சேர்த்தால் ஏழு கட்டு, பதினைந்து உதிரி.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஏழு, பதினைந்து. 715! பையன் எதையும் தப்பாகக் கூட்டவே இல்லை. உதிரியில் பத்தைக் கட்டாமல் அப்படியே எழுதிவிட்டான், அவ்வளவுதான். சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்ட இடத்தில் பாதிக்கு மேல் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

"பத்து சேந்தா கட்டிடணும்டா. கட்டினா அது அந்தப் பக்கம் போயிடும்."

"அடுக்கு ஏத்தற மாதிரியா சார்?"

"அதே மாதிரிதான்."

வியாழன்

காலையில் வந்ததும் அவனே குச்சிகளை எடுத்துக்கொண்டான். மதியத்துக்குள் குச்சி இல்லாமல், மேலே ஒரு சின்ன 1 போட்டுக் கூட்ட ஆரம்பித்தான். பக்கத்தில் இருந்த இரண்டாம் வகுப்புப் பெண்ணுக்கு, "பத்தக் கட்டிடு, பத்தக் கட்டிடு" என்று பாடம் வேறு.

சாயங்காலம் பேசிக்கொண்டிருந்தபோது சூளை பற்றிச் சொன்னான். அப்பா மண் குழைப்பார், அம்மா அச்சில் கல் அறுப்பார், இவன் காயும் கல்லைப் புரட்டிப் போடுவான். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. முன்பணம் வாங்கிக்கொண்டுதான் போவார்கள், சீசன் முடியும்போது அதில் கழித்துக்கொள்வார்கள்.

"கல்ல யார் எண்ணுவா?"

"அப்பா எண்ணும். நானும் எண்ணுவேன்."

"யார் எழுதுவா?"

"மேஸ்திரி நோட்டுல எழுதிக்குவாரு."

"என்ன எழுதினாருன்னு பாத்திருக்கியா?"

"அது யாருக்கு சார் தெரியும்?"

அந்த மேஸ்திரி யோக்கியராகவே இருக்கலாம். எனக்குத் தெரியாது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் மூன்று வருஷமாக எங்களுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுப்பது ஒன்றே ஒன்றுதான்: வாயால் சொன்னது கணக்கு ஆகாது, எழுதியதுதான் கணக்கு. ஒரு குடும்பமே ஆறு மாதம் வெயிலில் கிடந்து செய்த வேலை, அவர்களில் யாருக்கும் படிக்கத் தெரியாத ஒரு நோட்டில் இருக்கிறது. 715ஐ 85 ஆக்குவது மார்க்குக்காக இல்லை என்று அன்றைக்குப் புரிந்தது.

வெள்ளி

அத்தை பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஒரு வழக்கம். அந்த வாரம் யார் எதைப் புதிதாகச் செய்தார்களோ அதைக் கரும்பலகையில் எழுதி எல்லோரும் கை தட்டுவார்கள். முதல் ரேங்க், இரண்டாம் ரேங்க் எல்லாம் கிடையாது. அன்றைக்கு இருந்தவை:

ஒன்றாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி தன் பெயரில் வரும் 'ழி'யைத் திருப்பிப் போடாமல் எழுதினாள்.
நாலாம் வகுப்புப் பையன் 'ஊஞ்சல்' இதழில் ஒரு பக்கம் நிறுத்தாமல் வாசித்தான்.
ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஐந்து நாளும் பள்ளிக்கு வந்தாள். (தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்திவிடுவார்களாம்.)
ஏழுமலை எழுதிக் கூட்டினான். ஐந்துக்கு மூன்று.

ஆமாம், மூன்றுதான். ஒரு கணக்கில் மேலே போட்ட 1ஐச் சேர்க்க மறந்துவிட்டான். இன்னொன்றில் தேவையே இல்லாமல் ஒரு 1 போட்டான். சினிமாவாக இருந்தால் ஐந்துக்கு ஐந்து வந்திருக்கும். அடுத்த மதிப்பீடு வரும் வரை செயலியில் அவன் அரும்புதான்.

அத்தனை பேரும் கை தட்டியபோது அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். காது மட்டும் சிவந்திருந்தது.

நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வைத்திருந்தேன். முதல் பக்கத்தில் தேதி, கல், மொத்தம் என்று மூன்று கட்டம் போட்டு, "சூளைக்குப் போனா தினமும் இதுல எழுது" என்று கொடுத்தேன். ரொம்பப் பெருமையாக அத்தையிடம் போய்ச் சொன்னேன். அத்தை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

"நோட்டு குடுத்து வழியனுப்பி வைக்கிறியா? அவனை இந்த வருஷமாவது பாட்டிகிட்ட விட்டுட்டுப் போங்கன்னு நான் அவன் அப்பங்கிட்ட நாலு தடவ போய் நின்னிருக்கேன். எட்டு வயசுப் புள்ளைக்கு அங்க என்னடா வேலை? கணக்கு எழுதறதா?"

வாயே திறக்கவில்லை நான். கணக்கைச் சரி பார்த்தேனே தவிர, அந்தக் கணக்கில் அவன் இருக்கவே கூடாது என்பது எனக்குத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அத்தையே சொன்னார். "நோட்ட அவன் அம்மாகிட்ட குடு. சாயங்கால எழுத்தறிவு வகுப்புல அந்தப் பொண்ணு பேரு இருக்கு. எண்ணு எழுத ஓரளவுக்கு வருது. பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கு, ஏழுமலையே சொல்லிக் குடுக்கட்டும்."

கொடுத்துவிட்டு வந்தேன். அவன் அம்மா நோட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பையனைப் பாட்டியிடம் விடுவது பற்றிக் கேட்டதற்கு, "அவரைத்தான் கேக்கணும்" என்றார்.

நிற்க. நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேர் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கிறார்கள் என்று அசர் ஆய்வு எடுக்கிறார்கள். கிராமப்புற அரசுப் பள்ளிகளில் 2022ல் 16.3 சதவீதம், 2024ல் 23.4 சதவீதம். இந்த மாதிரிச் செய்திகளைப் பார்த்தால், "கவர்மெண்ட் ஸ்கூல்ல என்னத்த சொல்லித் தர்றாங்க" என்று நானும் நக்கலடித்திருக்கிறேன். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு! இனி முடியாது. அந்த ஏழு சதவீதப் புள்ளிக்குள் எத்தனை தீக்குச்சிக் கட்டு இருக்கிறது, எத்தனை ஆசிரியைகள் எத்தனை வீட்டு வாசலில் நாலு தடவை போய் நின்றிருக்கிறார்கள் என்று கொஞ்சம் தெரிந்துவிட்டது.

பி.கு: போன ஞாயிற்றுக்கிழமை அத்தைக்குப் போன் செய்தேன். ஏழுமலையின் அப்பா இன்னும் முடிவு சொல்லவில்லை. "பாக்கலாம் டீச்சர்" என்கிறாராம். முன்பெல்லாம் "முடியாது டீச்சர்" என்றுதான் சொல்வாராம்.