மாசம் பத்து ரூவா வைத்தியம்

ரொம்ப நாளா சினிமா, சாப்பாடு, ஊர்க்கதைன்னே ஓட்டிக்கிட்டு இருக்கேன். இன்னைக்குக் கொஞ்சம் சீரியஸ் பதிவு. நடுநடுவுல விதி, தேதி, சதவீதம்னு வரும். கொட்டாவி வந்தா எழுந்து போய் ஒரு டீ போட்டுக் குடிச்சிட்டு வந்து தொடருங்க. ஏன்னா நம்மள்ல பாதிப் பேர் வீட்டுல அப்பா அம்மாவோ, அண்ணன் மதினியோ, அக்கா அத்தானோ யாராவது ஒரு ஜோடி இந்தச் சந்துல மாட்டத்தான் போறாங்க.

என்ன சந்து? புருஷன் வேலையில இருந்து ஓய்வு பெறுகிறார். பொண்டாட்டி அவரைவிட அஞ்சாறு வயசு சின்னவங்க. இத்தனை வருஷமா அந்தம்மாவோட வைத்தியம் அவர் வேலையோட ஒட்டிக்கிட்டு வந்தது. அவர் வேலை முடிஞ்சதும் இவங்க வைத்தியமும் முடிஞ்சுது. வயசானவங்களுக்கு அரசாங்கம் கொடுக்குற காப்பீட்டுக்கோ இன்னும் வயசு வரலை. நடுவுல இருக்குற அந்த வருஷங்கள்தான் சந்து.

இது நம்மூர்ல மட்டும்தான்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். என்கூடப் படிச்ச பய ஒருத்தன் நியூஜெர்சியில இருக்கான். அவன் சொன்னான், அங்கேயும் இதே கதைதானாம். 65 வயசானாத்தான் மெடிகேர். புருஷனுக்கு 65 ஆயிட்டா அவருக்குக் கிடைக்கும், 61 வயசு மனைவிக்குக் கிடையாது. அவங்கவங்க வயசு அவங்கவங்களுக்கு! கம்பெனி காப்பீட்டை கோப்ரான்னு ஒரு சட்டப்படி கொஞ்ச காலம் நீட்டிக்கலாமாம் (பாம்பு இல்லீங்க, 1986-ல கையெழுத்தான சட்டம்). ஆனா அதுவரைக்கும் கம்பெனி கட்டின பங்கையும் சேர்த்து முழுப் பிரீமியத்தையும் நாமதான் அழணும்.

அங்க 65, இங்க 70. ஒன்றிய அரசு 2024 அக்டோபர் 29-ல ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை விரிவாக்கிச்சு. 70 வயசு ஆனவங்களுக்கு, வருமானம் எவ்வளவுன்னு பார்க்காம வருஷம் 5 லட்சம் வரைக்கும் காப்பீடு. நல்ல விஷயம்தான். ஆனா 70 ஆனவருக்கு மட்டும்தான், கூட இருக்குற 64 வயசு மனைவிக்கு அதுல இடமில்லை.

இப்ப எங்க அக்கா கதைக்கு வரேன்.

அத்தான் சிவகாசி பக்கம் ஒரு பட்டாசு ஆலையில பேக்கிங் பிரிவுல கண்காணிப்பு வேலை பார்த்தார். ஆலை பேரு வேண்டாம். சம்பளம் 16,000. மாசச் சம்பளம் 21,000-க்குள்ள இருந்தா இ.எஸ்.ஐ உண்டு (2017 ஜனவரியில இருந்து இந்த வரம்பு). 2019 ஜூலையில இருந்து தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். அத்தான் கணக்குல மாசம் 120 ரூவா பிடிச்சாங்க, முதலாளி 520 போட்டார். அந்தக் காசுல அவருக்கு மட்டுமில்ல, அக்காவுக்கும் முழு வைத்தியம். அக்காவுக்கு 10 வருஷமா சர்க்கரை, கூடவே தைராய்டு. மாத்திரையெல்லாம் இ.எஸ்.ஐ-யிலதான் வாங்கிக்கிட்டு இருந்துச்சு.

2024 ஆகஸ்ட்டோட அத்தானுக்கு 60 முடிஞ்சுது. மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பிட்டாங்க. அக்காவுக்கு அப்ப 55. அதாவது 70-ஐத் தொட இன்னும் 15 வருஷம்.

இங்கதான் ஒரு சூட்சுமம். வேலையை விட்ட மறுநாளே இ.எஸ்.ஐ நின்னுடாது. ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் கட்டின சந்தாவுக்கு, அடுத்த ஜனவரியில இருந்து ஜூன் வரைக்கும் பலன். அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் கட்டினதுக்கு ஜூலையில இருந்து டிசம்பர் வரைக்கும். அத்தான் ஏப்ரல்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் 78 நாளுக்கு மேலயே சந்தா கட்டியிருந்ததால, 2025 ஜூன் 30 வரைக்கும் கார்டு ஜோரா ஓடிச்சு. பத்து மாசம்! அக்கா வழக்கம்போல போய் மாத்திரை வாங்கிட்டு வந்துச்சு. வேலை போனாலும் கார்டு போகாதுன்னு ரெண்டு பேரும் முடிவே கட்டிட்டாங்க.

ஜூலை முதல் வாரம் போனா, கவுண்டர்ல "இந்த நம்பருக்கு இப்ப பலன் இல்லைம்மா"ன்னுட்டாங்க.

மாத்திரையோட போயிருந்தா பரவாயில்லை. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை கொடுக்குற மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல இருந்து இருக்கு. அரசு ஆஸ்பத்திரியும் இருக்கு, விருதுநகர்ல 2022-ல மருத்துவக் கல்லூரியே வந்தாச்சு. ஆனா அதே மாசம் அக்காவுக்கு வலது பக்க விலாவுக்குக் கீழ வலி. ராத்திரி வேளையில வலி தாங்காம எழுந்து உட்கார்ந்துக்கும். தனியார் ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்தா பித்தப்பையில கல்லு. ஆபரேஷனுக்கு 70,000 ஆகும்னாங்க. அத்தானுக்கு பி.எஃப் பென்ஷன் மாசம் 2,000 சொச்சம். அக்கா என்ன சொல்லிச்சு தெரியுமா? "வலி எப்பவாச்சும்தானே தம்பி வருது, பொறுத்துக்கிறேன்."

அதைக் கேட்டதுக்கு அப்புறம் எனக்குத் தூக்கம் வரலை. மண்டியில சரக்கு வந்து இறங்குற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் இதுக்கே அலைஞ்சேன்.

முதல்ல முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009-ல கலைஞர் காப்பீட்டுத் திட்டமா ஆரம்பிச்சு, 2012-ல இந்தப் பேருல மாறினது. வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் உண்டு. ஆனா குடும்ப வருமானம் வருஷம் 1,20,000-க்குள்ள இருக்கணும். ரேஷன் கார்டுல மருமகப்பிள்ளை பேரும் இருக்கு, அவன் திருப்பூர்ல சம்பாதிக்கிறான். அவன் சம்பளத்தைச் சேர்த்தா வரம்பு தாண்டுது. அது ஆகலை.

அடுத்து தனியார் பாலிசி. 2025 செப்டம்பர் 22-ல இருந்து தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி இல்லை, சரி. 2024-ல இருந்து, ஏற்கனவே இருக்குற நோய்க்குக் காத்திருக்க வேண்டிய காலம் அதிகபட்சம் 3 வருஷம்னு குறைச்சிருக்காங்க, அதுவும் சரி. ஆனா கல்லு இப்ப வலிக்குது, மூணு வருஷம் கழிச்சு இல்லையே! 55 வயசு, சர்க்கரை, தைராய்டுன்னு சொன்னதும் கேட்ட பிரீமியத்துல அத்தானோட ஒரு வருஷப் பென்ஷன் காலி.

அப்புறம்தான் சிவகாசியில அச்சாபீஸ்ல கணக்கு எழுதுற அண்ணாச்சி ஒருத்தர் சொன்னார், "ஏன் தம்பி, அத்தான் ஓய்வுதானே பெற்றார்? 61-ஆம் விதி இருக்கே!"

இந்தப் பதிவே அதுக்காகத்தான். இ.எஸ்.ஐ விதிகள்ல 61-ஆவது விதி என்ன சொல்லுதுன்னா, குறைஞ்சது 5 வருஷம் காப்பீட்டுல இருந்து, ஓய்வு வயசு வந்தோ, விருப்ப ஓய்வுலயோ, முன்கூட்டியே ஓய்வு வாங்கியோ வெளிய வந்தவருக்கும் அவர் துணைக்கும் மருத்துவம் தொடரும். கட்ட வேண்டியது மாசம் 10 ரூவா. ஒரு வருஷத்துக்கு மொத்தமா முன்கூட்டியே கட்டணும். ஆக 120 ரூவா, ரெண்டு பேருக்கும் சேர்த்து! வேலையில இருந்தப்ப அத்தானுக்கு ஒரே மாசத்துல பிடிச்ச தொகை அது.

ஆஹான்னு ஓடினோம். கிளை அலுவலகத்துல இருந்தவர் தன்மையாத்தான் பேசினார். கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு, "உங்க ஆலையில 'ஓய்வு'ன்னு பதியலையே, 'வேலையை விட்டுட்டார்'னுல்ல இருக்கு" அப்படின்னார். மாலை போட்டவங்க கம்ப்யூட்டர்ல தட்டினது வேற! ஓய்வுன்னு சான்றிதழ் வாங்கிட்டு வாங்கன்னார். ஆலைக்குப் போனா இன்னைக்கு மேனேஜர் லீவு, நாளைக்கு முதலாளி சென்னை, தீபாவளி ஆர்டர் நேரம், அப்புறம் வாங்க. ஒரு தாள்ல நாலு வரி. அதுக்கு ஆறு வாரம்! அந்த ஆறு வாரத்துல அக்காவுக்கு மூணு தடவை வலி வந்துச்சு. ஒரு தடவை வாந்தியோட. அத்தான் வளையலை எடுத்து வச்சுட்டார், அடகுக்கு.

ஒருவழியா தாள் வந்துச்சு. 120 ரூவா கட்டினோம். அக்டோபர்ல இ.எஸ்.ஐ வழியாவே ஆபரேஷன் நடந்து, அக்கா வீடு திரும்பி, இப்ப எனக்கே கொழுப்பைக் குறைன்னு அறிவுரை சொல்லுது (எண்ணெய் புரோட்டா ஊர்க்காரன்கிட்ட சொல்ற பேச்சா இது?).

கதை சுபம்தான். ஆனா எனக்கு ஒண்ணு மட்டும் உறுத்திக்கிட்டே இருக்கு. அக்கா சும்மா இருந்த ஆளில்லை. எட்டு வயசுல தீப்பெட்டி ஒட்ட ஆரம்பிச்சுது. கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டுத் திண்ணையிலேயே வெடிக்குக் குழாய் சுத்தும். குரோஸ் கணக்குல கூலி. கையெல்லாம் பசை காஞ்சு தோல் உரியும். முப்பது நாப்பது வருஷ உழைப்பு. எந்த ஆலைப் பதிவேட்டுலயும் அது பேரு இல்லை. பேரு இருந்திருந்தா அதுக்கே சொந்தமா ஒரு நம்பர், சொந்தமா ஒரு 61-ஆம் விதி. அத்தானுக்கு என்னைக்கு 60 ஆகுதுங்குறதுக்கும் அக்காவோட பித்தப்பைக்கும் சம்பந்தமே இருந்திருக்காது.

நம்ம பக்கம் இது இன்னும் பெரிய விஷயம். உள்குத்தகைக்கு விட்ட ஆலைகள்ல பீஸ் ரேட்டுக்கு மருந்து நிரப்புற எத்தனையோ பொம்பளைகளுக்குப் பதிவேட்டுல பேரு கிடையாது. பதிவு இருந்து, வேலையில விபத்துல உயிர் போனா, குடும்பத்துக்கு இ.எஸ்.ஐ-யில சம்பளத்துல 90 சதவீதம் மாசாமாசம் வரும். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி விபத்தை இந்த ஊர் மறக்காது. அந்த மாதிரி நாள்ல பதிவேட்டுல பேரு இருக்கா இல்லையாங்குறதுதான் ஒரு குடும்பத்தோட விதி. 2025 நவம்பர் 21-ல அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புல, அரசு அறிவிக்கிற அபாயகரமான தொழில்ல ஒரே ஒரு ஆள் வேலை பார்த்தாலும் இ.எஸ்.ஐ உண்டுன்னு இடம் இருக்கு. திண்ணை வரைக்கும் அது வருமான்னு பார்ப்போம்.

இப்ப உங்க வீட்டுல யாராவது ஓய்வு பெறப் போறாங்கன்னா:

1. வேலையை விடுறதுக்கு முன்னாடியே, தேதி போட்டு ஓய்வுச் சான்றிதழை எழுதி வாங்கிடுங்க. மாலை அப்புறம் போட்டுக்கலாம்.

2. பதிவுல "ஓய்வு"ன்னே போடச் சொல்லுங்க. "விட்டுட்டார்"னு போட்டா மாட்டினீங்க.

3. கார்டு ஓடுதேன்னு சும்மா இருக்காதீங்க. ஜூன் 30-ஆ டிசம்பர் 31-ஆ, எதுல முடியுதுன்னு கணக்குப் பார்த்து, அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே பணத்தைக் கட்டுங்க.

4. வருஷாவருஷம் கட்டணும். காலண்டர்ல குறிச்சு வைங்க (சிவகாசிக்காரனுக்குக் காலண்டருக்கா பஞ்சம்!).

5. சட்டத் தொகுப்பு புதுசா வந்திருக்கு, அதனால தொகையையும் படிவத்தையும் கிளை அலுவலகத்துல ஒரு தடவை கேட்டுக்கோங்க.

6. வீட்டுல பொம்பளைங்க எங்கயாவது வேலைக்குப் போனா, முதல் மாசமே கேளுங்க: "எம் பேருல இ.எஸ்.ஐ பிடிக்கிறீங்களா?"

ஆறாவதை என் மருமகள்கிட்ட அக்காவே சொல்லிடுச்சு. அந்தப் பொண்ணு போன மாசம்தான் ஒரு அச்சாபீஸ்ல பைண்டிங் வேலைக்குச் சேர்ந்திருக்கு. சம்பளம் எவ்வளவுன்னு அக்கா கேட்கலை, நம்பர் போட்டாங்களான்னுதான் கேட்டுச்சு.

டிஸ்கி: இதுல ஆலை முதலாளிகள் யாரையும் குறிப்பிடலை. தொப்பி பொருந்தினா போட்டுக்கோங்க, கூடவே அந்தச் சான்றிதழையும் சீக்கிரம் கொடுத்துடுங்க.