சரிபாதி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி மகன் வீட்டுக்கு வந்திருந்தான். இங்கே பூனாவில்தான், ஹிஞ்சேவாடியில் பொட்டி தட்டுகிறான். தங்கமணி வைத்த வத்தக்குழம்பை இரண்டாம் தடவையாக ஊற்றிக்கொண்டே, "அண்ணே, நானும் ரூம்ல இருக்க ரெண்டு பேரும் கம்பெனி ஆரம்பிக்கப் போறோம். ஆளுக்கு மூணுல ஒரு பங்கு. பேசி முடிச்சாச்சு" என்றான்.

தங்கமணி என்னைப் பார்த்தார். நான் அப்பளத்தைப் பார்த்தேன்.

அன்றைக்கு அவனிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். வெளியூரில் "நம்ம ஆளு" என்று ஒருத்தனை நம்பித் தொழிலில் இறங்குகிற யாருக்காவது உதவினால் சரி.

2018 ஜூலையில் நானும் என் கல்லூரித் தோழனும் கம்பெனி பதிவு செய்தோம். திண்டுக்கல்காரன். ஹாஸ்டலில் நாலு வருஷம் ஒரே அறை, பூனாவில் எட்டு வருஷமாக அடுத்தடுத்த அபார்ட்மெண்ட். போசரி, சாக்கன் பக்கத்துச் சின்னப் பட்டறைகளில் எந்த வேலை எந்த மிஷினில் நிற்கிறது, எத்தனை பீஸ் தேறியது, எத்தனை ரிஜெக்ட் ஆனது என்று கணக்கு வைக்கிற மென்பொருள் எங்களுடையது. அவன் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தான். பட்டறை முதலாளிகள் எல்லாரும் அவனுக்குப் பழக்கம். எனக்கு புரோகிராம் எழுத வரும். பங்கு பிரித்தது டீக்கடையில், ஒரு கட்டிங் சாய் ஆறுவதற்குள். "பாதிப் பாதி மாப்ள, நமக்குள்ள என்ன?" என்றான். நானும் தலையாட்டினேன். ஒரு லட்ச ரூபாய் முதல். பத்து ரூபாய்ப் பங்கு 10,000. ஆளுக்கு 5,000.

ஹார்வர்டில் பாடம் நடத்திய நோவாம் வாசர்மன் என்பவர் இந்தக் கூட்டாளிச் சண்டைகளையே ஆராய்ந்து 2012-ல் 'த ஃபவுண்டர்ஸ் டிலெமாஸ்' என்று ஒரு புத்தகம் போட்டார். பிறகு அவரும் இன்னொரு பேராசிரியரும் எழுதிய கட்டுரையில், அவர்கள் பார்த்த குழுக்களில் 73 சதவீதம் ஆரம்பித்த ஒரு மாதத்துக்குள்ளேயே பங்கு பிரித்து முடித்துவிட்டதாகச் சொல்லியிருந்தார்கள். நமக்கு ஒரு மாதம் எதற்கு, டீ இருக்கிறதே.

இரண்டு பேரும் வேலையை விடுவதாகத்தான் பேச்சு. நான் 2019 ஏப்ரலில் விட்டேன். அவனுக்கு முதலில் மாமியார் ஆபரேஷன், பிறகு வீட்டுக் கடன், பிறகு 2020 மார்ச் வந்து எல்லார் வாயையும் அடைத்துவிட்டது. சாயங்காலமும் சனிக்கிழமையும் வந்து உழைத்தான், பொய் சொல்லக் கூடாது. கம்பெனிக்கு ஒன்பது லட்சம் கடனாகக் கொடுத்தான். முதல் மூன்று வாடிக்கையாளர்கள் அவன் பிடித்தவர்கள். என் வீடு தங்கமணி சம்பளத்தில் ஓடியது; ஆபீஸ் கம்ப்யூட்டருக்காக அவர் வளையல் பேங்கில் தூங்கியது. இதில் ஒரு வார்த்தை நான் அவனிடம் சொன்னதில்லை. கேட்டால் கேவலம் என்று நினைத்தேன். அவன் கேட்காதது குற்றம் என்றும் நினைத்தேன். இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொண்டு இரண்டரை வருஷம் ஓட்டினேன்.

2021 செப்டம்பரில் ஒரு முதலீட்டாளர் எங்களைப் பார்க்க வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "முழு நேரம் யார்?" இரண்டாவது, "அப்புறம் ஏன் சரிபாதி?" இதைச் சரி செய்துகொண்டு வாருங்கள் என்று எழுந்து போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு நண்பனுக்கு வாட்ஸப்பில் தட்டிவிட்டேன்: "80-20 தான் நியாயம்." பக்கத்து அபார்ட்மெண்ட்தான். நடந்தால் மூன்று நிமிஷம். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது சட்டப் படிப்பு. புதுப் பங்கு வெளியிட்டு அவன் சதவீதத்தைக் குறைத்துவிடலாமா என்று வக்கீலிடம் கேட்டேன். (ஆமாம், கேட்டேன். இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.) அவர் சிரித்தார். புதுப் பங்கை முதலில் இருக்கிற பங்குதாரர்களுக்கு அவரவர் விகிதப்படி தர வேண்டும். அதற்கே இயக்குநர் கூட்டம் போட வேண்டும். இரண்டே இயக்குநர் இருக்கும் கம்பெனியில் ஒருத்தர் வராவிட்டால் கோரம் கிடையாது. பங்குதாரர் கூட்டத்துக்கும் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். வந்தாலும் சாதாரணத் தீர்மானத்துக்குப் பாதிக்கு மேல் ஓட்டு வேண்டும். சரிபாதியில் யாருக்கும் அது இல்லை. ஏதாவது குறுக்குவழியில் போனால், பத்து சதவீதம் வைத்திருக்கிற பங்குதாரர் கூட ஒடுக்குகிறார்கள் என்று தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். எங்களுக்கு அது மும்பை. போய் வர எத்தனை வருஷம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எங்க ஊர்க் கிணறு ஞாபகம் வந்தது. கோவில்பட்டி பக்கம் கரிசல் காடு. தாத்தா போன பிறகு நிலத்தைப் பெரியப்பாவும் அப்பாவும் பிரித்துக்கொண்டார்கள். கிணற்றை எப்படிப் பிரிப்பது? ஆளுக்குப் பாதி, மோட்டார் போட முறை. கரண்ட் போய்ப் போய் வருகிற காலம். யார் முறையில் கரண்ட் போனது என்று தகராறு. இருவரும் பதினோரு வருஷம் பேசவில்லை. கிணற்றில் தண்ணீர் இருந்தது, இரண்டு பக்கமும் பயிர் காய்ந்தது.

எங்கள் கம்பெனி அந்தத் தீபாவளிக்கு அப்படித்தான் நின்றது. பேங்க் கணக்கில் நான் ஏற்ற வேண்டும், அவன் அனுமதிக்க வேண்டும். நவம்பர் 4 தீபாவளி. ஆறு பையன்களின் சம்பளமும் போனஸும் 29-ஆம் தேதி ஏற்றிவிட்டேன். அவன் தொடவில்லை. 2-ஆம் தேதி வரை பையன்கள் என் முகத்தைப் பார்ப்பதும் போனைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். கடைசியில் தங்கமணி அவன் வீட்டம்மாவுக்குப் போன் போட்டார். "அவங்க ரெண்டு பேரும் என்னமோ பண்ணிக்கட்டும்மா, பசங்க சம்பளத்த மட்டும் போடச் சொல்லு." பத்து நிமிஷத்தில் பணம் போனது.

அதற்குப் பிறகுதான் நேரில் உட்கார்ந்தோம். வக்கீல் சொல்லியிருந்த ஒரு வழியை வைத்தேன். ஒருத்தர் பங்குக்கு விலை சொல்ல வேண்டும். அந்த விலைக்கு வாங்குவதா விற்பதா என்று மற்றவர் முடிவு செய்யலாம். நம்ம பக்கம் மூத்தவன் பிரிக்க, இளையவன் எடுக்கிற மாதிரிதான். ரொம்ப நியாயமான ஏற்பாடு என்று நினைத்துச் சொன்னேன்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மாப்ள, எனக்கு மாசச் சம்பளம் இருக்கு. நாளைக்கே பேங்க்ல லோன் குடுப்பான். உனக்கு எவன் குடுப்பான்? நீ என்ன வெல சொன்னாலும் நான் உன்னை வாங்கிருவேன். அத வாங்கி நான் என்ன செய்ய, எனக்கு அந்த கோடு ஒரு வரி புரியாது" என்றான்.

எனக்குத் தோன்றாத கணக்கு அது. அவன் நினைத்திருந்தால் வாயை மூடிக்கொண்டு சரி என்றிருக்கலாம்.

எங்கள் ஆடிட்டர் மராத்திக்காரர், வயசானவர். சதவீதத்தைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் தாளை எடுத்தார். முதலில் அந்த ஒன்பது லட்சத்தைப் பிரித்து வைத்தார். அது கடன், வட்டியோடு திரும்ப வேண்டும், பங்குப் பேச்சில் வரக் கூடாது. மிச்சம் உழைப்பு. ஜூலை 2018 முதல் அக்டோபர் 2021 வரை 40 மாதம். சாயங்கால வேலைக்கு மூன்றில் ஒரு பங்கு. எனக்கு முதல் 9 மாதம் சாயங்காலம், அதாவது 3. பிறகு 31 முழு மாதம். ஆக 34. அவனுக்கு 13. 34-க்கு 13 என்றால் 72-க்கு 28.

இதைத்தான் முதல் நாளே 'வெஸ்டிங்' என்று எழுதி வைப்பார்கள். வழக்கமாக நாலு வருஷம். முதல் வருஷம் முடியாமல் போனால் ஒன்றும் கிடையாது. பிறகு மாதா மாதம் பங்கு சொந்தமாகும். நாங்கள் அதையே செத்தவன் கையில் வெற்றிலை பாக்குக் கொடுத்த மாதிரி கடைசியில் செய்தோம்.

28-லும் ஒரு முள் இருந்தது. கம்பெனி விதிகளை மாற்றச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதற்கு ஆதரவு ஓட்டு எதிர்ப்பைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். 25-க்கு மேல் வைத்திருப்பவர் ஒருத்தர் வேண்டாம் என்றால் நடக்காது. இந்த மூன்று சதவீதத்துக்கு இரண்டு ஞாயிறு போனது. கடைசியில் 24-க்கு ஒத்துக்கொண்டான். பதிலுக்கு, கடன் தீரும்வரை கம்பெனியை விற்கவோ மூடவோ அவன் கையெழுத்து வேண்டும் என்று எழுதினோம். "நாளைக்கு நீ ஓடிட்டா?" என்று கேட்டு என் பங்கிலும் பாதியை மூன்று வருஷ வெஸ்டிங்கில் கட்டிப்போட்டான். சரியான கேள்விதான். 2,600 பங்கை நண்பன்தானே என்று சும்மா எழுதி வாங்கவும் முடியாது. நியாய மதிப்புக்குக் குறைவாக வாங்கினால், வித்தியாசம் ஐம்பதாயிரத்தைத் தாண்டும்போது வாங்குகிறவன் தலையில் வருமான வரி விழும். ஆடிட்டர் போட்ட மதிப்புக்குப் பணம் கொடுத்தே மாற்றினோம்.

அவன் இயக்குநர் பதவியிலிருந்து விலகினான். இரண்டு பேர் வேண்டுமே, தங்கமணி உள்ளே வந்தார். இப்போது வீட்டிலும் போர்டிலும் கோரம் அவர் கையில்.

அந்த முதலீட்டாளர் அப்புறம் வரவே இல்லை. ஏழு மாதம் நண்பனும் வரவில்லை. பிள்ளைகள் மட்டும் கீழே விளையாடிக்கொண்டிருந்தார்கள். 2023 மார்ச்சில் கடைசித் தவணை போட்ட அன்றைக்குப் போன் வந்தது. "மாப்ள, பணம் வந்துருச்சு. அந்த ரிஜெக்ட் ரிப்போர்ட்ல தேதி தப்பா வருதுடா, பாரு."

இவ்வளவும் கேட்டுவிட்டு சித்தி மகன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"சரிடா, மூணு பேர்ல யாரு யாரு வேலைய விடுறீங்க?" என்று கேட்டேன்.

"மொதல்ல நான் மட்டுந்தாண்ணே."

தங்கமணி உள்ளே போய்ப் பேப்பரும் பேனாவும் எடுத்து வந்து அவன் இலை பக்கத்தில் வைத்தார்.