டேவிட்டின் கோழைத்தனமும் எங்கள் தீர்ப்பும்

ஜேம்ஸ் பால்ட்வினின் 'ஜியோவானியின் அறை' நாவலை எங்கள் வாசகர் வட்டத்தில் விவாதிக்க எடுத்துக்கொண்ட மாலையில், பேச்சு தொடங்கிய பத்தே நிமிடங்களில் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. கதைசொல்லியான டேவிட் ஒரு கோழை; தன்னலக்காரன்; தன்னை நேசித்தவனைக் கைவிட்டுக் கொலைக்களத்தை நோக்கி நடக்கவிட்டவன். நாவலைக் கீழே வைக்க மனமின்றிப் படித்ததாகச் சொன்னவர்கள்கூட அவன் பெயரை உச்சரிக்கையில் முகம் சுளித்தார்கள். எந்த நூலைப் பற்றியும் இருவர் ஒத்துப்போகாத எங்கள் வட்டத்தில் இப்படியொரு ஒருமித்த கருத்து அபூர்வம். அந்த ஒற்றுமைதான் பின்னர் எங்களை உறுத்தத் தொடங்கியது. இக்கட்டுரை அந்த உறுத்தலிலிருந்து பிறந்தது.

நாவலை வாசிக்காதவர்களுக்காகச் சில வரிகள். தென் பிரான்ஸில் வாடகைக்கு எடுத்த ஒரு பெரிய வீட்டின் ஜன்னலருகே நின்று, இரவு கவிவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் டேவிட் என்னும் அமெரிக்க வெள்ளை இளைஞன். விடிந்தால் பாரிஸில் ஜியோவானியின் தலை கில்லட்டினில் துண்டிக்கப்படும். அந்த ஓர் இரவில் அவன் நினைத்துப்பார்ப்பவையே நாவல். அவன் மணக்க எண்ணியிருக்கும் ஹெல்லா, திருமணத்தைப் பற்றி முடிவெடுக்க ஸ்பெயினுக்குப் போயிருந்த காலத்தில், மதுக்கூடம் ஒன்றில் பணிபுரியும் இத்தாலிய இளைஞன் ஜியோவானியை அவன் சந்திக்கிறான். அவனுடைய சிறிய அறையில் அவனோடு வாழ்கிறான். ஹெல்லா திரும்பி வந்ததும் ஒரு சொல்கூடச் சொல்லாமல் அந்த அறையைவிட்டு அகன்றுவிடுகிறான். வேலையும் காதலும் பறிபோன ஜியோவானி படிப்படியாகச் சரிந்து, தன்னை அவமதித்து வெளியேற்றிய முதலாளி கியோமைக் கொன்றுவிடுகிறான்.

நாவல் 1956இல் வெளிவந்தது. அதற்கு முன் 1953இல் பால்ட்வினின் முதல் நாவலை வெளியிட்ட நாஃப் பதிப்பகம் இதை ஏற்க மறுத்துவிட்டது. டயல் பதிப்பகம்தான் துணிந்தது. ஹார்லெமின் கறுப்பின வாழ்வை எழுதிப் பெயர்பெற்ற எழுத்தாளர், முக்கிய மாந்தர் அனைவரும் வெள்ளையராக இருக்கும் ஒரு கதையை, அதுவும் இரு ஆண்களின் காதலை எழுதியது அன்று பலருக்கும் செரிக்கவில்லை. அவரோ பிற்காலத்தில், இது தன்பாலீர்ப்பைப் பற்றிய நாவல் என்பதைவிட, நேசிக்க அஞ்சுகிற மனிதனுக்கு என்ன நேர்கிறது என்பதைப் பற்றியது என்ற பொருளில் பேசியிருக்கிறார்.

எங்கள் கூட்டத்துக்குத் திரும்புவோம். டேவிட்டின் மீதான கோபம் ஒன்றாக இருந்தாலும் அதன் ஊற்றுகள் வேறு வேறாக இருந்தன. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஹெல்லாவின் சார்பில் பேசினார். எல்லோரும் ஜியோவானிக்காகக் கண்ணீர் விடுகிறீர்களே, ஒரு மறைவிடமாகப் பயன்படுத்தப்பட்ட அந்தப் பெண்ணுக்காக அழ யாருமில்லையா என்று கேட்டார். ஹெல்லா உண்மையை அறிவது ஓர் ஒப்புதலின் மூலம் அல்ல; நீஸ் நகரின் மதுக்கூடம் ஒன்றில் வேறோர் ஆணுடன் டேவிட்டை நேரில் கண்டுதான். கடைசிவரை அவளுக்குச் சொல்லப்படாத உண்மையே அவள்மீது இழைக்கப்பட்ட பெரிய வன்முறை என்றார் ஆசிரியை. அதை மறுக்க எங்களில் எவருக்கும் வாய் எழவில்லை.

வட்டத்தின் இளைய நண்பருக்கு வேறொரு மனக்குறை. இரு ஆண்கள் நேசித்தால் ஒருவர் சாக வேண்டும், மற்றவர் நாசமாக வேண்டும் என்று இலக்கியம் ஏன் விதித்து வைத்திருக்கிறது? அத்தகைய காதலை உலகுக்குச் சொல்ல வந்த நாவல் இப்படியொரு பலவீனனையா முன்னிறுத்த வேண்டும்? அவர் இ. எம். ஃபார்ஸ்டரின் 'மாரிஸ்' நாவலை எடுத்துக்காட்டினார். 1914இல் எழுதி முடிக்கப்பட்ட அந்நாவலில் காதலர்கள் சேர்ந்தே வாழ வேண்டுமென்று ஃபார்ஸ்டர் பிடிவாதமாக இருந்தார். ஆனால் அது அச்சேறியது 1971இல், அவர் மறைந்த மறு ஆண்டு. மகிழ்ச்சியான முடிவைத் தேர்ந்தவர் வாழ்நாள் முழுதும் அதை வெளியிடாமல் வைத்திருந்தார். பால்ட்வினோ முப்பதுகளின் தொடக்கத்திலேயே துயர முடிவைத் தன் பெயரில் வெளியிட்டார். நண்பரின் ஆதங்கம் நியாயமானது. ஆயினும், முன்மாதிரியாக இருக்க வேண்டிய கடமை ஒரு காதலனுக்கு எதற்காக? பெண்ணைக் கைவிட்ட ஆண்கள் நம் காவியங்களிலேயே நிறைந்திருக்கிறார்கள். அவர்களை வைத்து ஆண் பெண் காதலை யாரும் எடைபோடுவதில்லை. பிழை செய்யும் உரிமையையும் டேவிட்டுக்கு அளித்ததுதான் பால்ட்வின் அவனுக்குச் செய்த முதல் மரியாதை என்று எங்களுக்குத் தோன்றியது.

இந்த இடத்தில்தான் வழக்கறிஞர் நண்பர் ஒரு கேள்வியை எழுப்பினார். டேவிட்டுக்கு எதிராக இத்தனை சாட்சியங்களை அடுக்குகிறோமே, இவற்றை நமக்குத் தந்தவர் யார்?

நாங்கள் சற்றுத் திகைத்தோம். தந்தவன் டேவிட்தான். பதின்வயதில் ஜோயி என்ற நண்பனோடு கழித்த ஓர் இரவையும், விடிந்ததும் தன்னைப் பற்றிய அச்சத்தை, பிறகு அவன்மீது காட்டிய கொடுமையையும் முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுகிறான். ஜியோவானியைக் கைவிடப்போவது தனக்குத் தொடக்கத்திலேயே தெரியும் என்பதையும், தன் ஆண்மையைச் சோதித்துப்பார்க்க மட்டும் வேறொரு பெண்ணைப் பயன்படுத்தியதையும் அவன் ஒளிக்கவில்லை. அவனைப் பற்றிய மிகக் கூர்மையான குற்றச்சாட்டு ஜியோவானியின் வாயிலிருந்து வருகிறது: நீ யாரையும் நேசித்ததில்லை, உன் தூய்மையை மட்டுமே நேசிக்கிறாய் என்ற பொருளில் அவன் வெடிக்கிறான். அந்தச் சொற்களையும் ஒன்றுவிடாமல் நமக்குக் கொண்டுவந்து சேர்ப்பவன் டேவிட். நாங்கள் அவன்மீது எறிந்த கல் ஒவ்வொன்றும் அவனே பொறுக்கிக் கொடுத்ததுதான்.

இதனால் அவன் குற்றம் குறைந்துவிடுமா? குறையாது என்றார் ஆசிரியை. தாமதமாகச் சொல்லப்படும் உண்மை, சொல்பவனின் மனபாரத்தைத்தான் இறக்கும். இறக்கப்போகிறவனை அது காப்பாற்றாது. கொலை நிகழ்ந்தபோது டேவிட் அங்கே இல்லை. தண்டனை நிறைவேறும்போதும் இல்லை. இரண்டையும் கற்பனையில் காண்கிறான். உயிரோடிருந்தவனுடன் ஓர் அறைக்குள் தங்க முடியாதவன், சாகப்போகிறவனுடன் கற்பனையில் கொலைக்களம்வரை நடக்கிறான். இது காதலா, கழுவாயா, அல்லது அங்கும் தன்னையே நடுவில் நிறுத்திக்கொள்ளும் பழைய தன்னலமா என்று நெடுநேரம் விவாதித்தோம். முடிவுக்கு வரவில்லை. ஆனால் 'கோழை' என்ற ஒற்றைச் சொல் அவனுக்குப் போதாது என்பது மட்டும் தெளிவாயிற்று.

ஜியோவானியும் நாங்கள் முதலில் நினைத்த தூய பலியாள் அல்லன். குழந்தை இறந்து பிறந்த துயரில், தன் ஊரையும் தன்னோடிருந்த பெண்ணையும் விட்டு வந்தவன் அவன். பெண்களைப் பற்றி அவன் பேசும் பேச்சு பல இடங்களில் காதால் கேட்க இயலாதது. அவனைத் தியாகியாக்கினால்தான் டேவிட்டை முழுமையாக வெறுக்க முடியும் என்பதால், வாசிக்கும்போதே அவ்விடங்களை வசதியாகக் கடந்து வந்திருந்தோம்.

அடுத்து எழுந்த கேள்வி: டேவிட் யாருக்கு அஞ்சினான்? சட்டத்துக்கு என்பது எளிய விடை. அவன் பிறந்த நாட்டில் அதற்குக் காரணமும் இருந்தது. 1950களின் அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் அத்தகைய உறவு குற்றம். 1953இல் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் பிறப்பித்த ஆணை, அத்தகையோரை மத்திய அரசுப் பணிகளிலிருந்து விலக்க வழிசெய்தது. ஆனால் டேவிட் இருப்பது பாரிஸில். வயதுவந்த இருவர் மனமொப்பிக் கொள்ளும் உறவை 1791ஆம் ஆண்டிலேயே பிரான்ஸ் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. அந்த அறைக்குள் அவனைத் துரத்தி வந்தது எந்தக் காவலரும் இல்லை. சிறுவயதில் ஒட்டுக்கேட்ட, மகன் ஓர் ஆணாக வளர்ந்தால் போதும் என்னும் தந்தையின் குரல். தெருவில் எதிர்ப்படும் குடும்பங்கள். ஊர் திரும்பினால் எதிர்கொள்ள வேண்டிய கண்கள். அவை அவனுக்குள்ளேயே குடியிருந்தன.

நாவலில் ஒரு சிறு பாத்திரம் உண்டு. டேவிட் தங்கியிருக்கும் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் இத்தாலிய மூதாட்டி. வீட்டுச் சாமான்களைச் சரிபார்க்க வருகிறார். அவன் தனித்திருப்பதைக் கண்டு இரங்கி, நல்ல பெண்ணாகப் பார்த்து மணம் முடித்துக்கொள், பிள்ளைகள் பெற்றுக்கொள், பிரார்த்தனை செய் என்று அறிவுரை சொல்கிறார். அவர் சொல்வதில் ஒரு துளி வன்மமும் இல்லை. முதல் வாசிப்பில் எங்களில் பலருக்கு அவர் நினைவிலேயே தங்கவில்லை. இளைய நண்பர் அந்தப் பக்கங்களை வாசித்துக் காட்டியபோது அறை அமைதியாகிவிட்டது.

ஏனெனில் அந்த மூதாட்டி நாங்கள்தான். சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் வட்டத்துக்கு ஒரு நண்பர் தவறாமல் வந்துகொண்டிருந்தார். அதிகம் பேசமாட்டார், பேசினால் அன்றைய கூட்டத்தின் சிறந்த கருத்து அவருடையதாக இருக்கும். ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும், தேநீர்க் கோப்பையோடு எங்களில் எவராவது அவரிடம் கேட்போம்: "என்ன தம்பி, கல்யாணச் சாப்பாடு எப்போ போடப்போறீங்க?" அன்பாகத்தான் கேட்டோம். எல்லோரும் சிரிப்போம்; அவரும் சிரிப்பார். பிறகு அவர் வருவது குறைந்து, ஒருநாள் நின்றுபோனது. காரணத்தை ஊகிக்கும் உரிமை எங்களுக்கு இல்லை, ஊகிக்கவும் மாட்டோம். ஆனால் அந்தக் கேள்வியைச் சுமார் இரண்டு ஆண்டுகள் கேட்டோம் என்பதும், அவர் வேறு என்ன சொல்ல விரும்பியிருக்கக்கூடும் என்று ஒருமுறையும் யோசித்ததில்லை என்பதும் உண்மை.

மொழியிலும் அந்த அலட்சியம் இருந்திருக்கிறது. எங்கள் தலைமுறை கற்ற சொல் 'ஓரினச்சேர்க்கை'. அதில் உடல் மட்டுமே உண்டு. ஏக்கத்துக்கும் காத்திருப்புக்கும் பிரிவுக்கும் அதில் இடமில்லை. 'தன்பாலீர்ப்பு' என்று சொல்லப் பழகியது வெகு பிற்பாடு. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது நாங்களும் மகிழ்ந்தோம். ஆனால் பிரெஞ்சுச் சட்டம் டேவிட்டைக் காப்பாற்றவில்லை என்பதை இந்நாவலை வாசித்த பிறகு மறக்க முடியவில்லை.

ஆகவே டேவிட்டை மன்னித்துவிட்டோம் என்று சொல்ல வரவில்லை. மன்னிக்க வேண்டியவர்கள் ஜோயியும் ஹெல்லாவும் ஜியோவானியும். அந்த இடத்தில் வாசகன் போய் உட்கார முடியாது. அச்சம் அவன் செயலை விளக்கும், நியாயப்படுத்தாது. ஆனால் அவனைக் கோழை என்று தள்ளிவிட்டால், அந்த அச்சத்தை ஊட்டியவர்கள் தப்பிவிடுகிறார்கள். முதல் பத்து நிமிடங்களில் எங்களுக்கு அத்தனை எளிதாக ஒற்றுமை வாய்த்ததன் காரணமும் அதுவாகவே இருக்கலாம்.

நாவலின் முடிவில், தண்டனை நாளைத் தெரிவித்து வந்த கடிதத்தைக் கிழித்துக் காற்றில் விடுகிறான் டேவிட். சில துண்டுகளைக் காற்று மறுபடியும் அவன்மீதே கொண்டுவந்து போடுகிறது. அன்றைய கூட்டம் அந்தக் காட்சியோடு நிறைவடைந்தது. வழக்கம்போல் தேநீர் வந்தது. வழக்கமான விசாரிப்புகள் எதுவும் எழவில்லை. அடுத்த மாதத்துக்கான நூலைத் தேர்வுசெய்யும்போது, அந்தப் பழைய நண்பருக்கும் அழைப்பு அனுப்ப வேண்டும் என்று ஆசிரியை சொன்னார். அனுப்பினோம். நூலின் பெயர், நாள், நேரம், இடம் ஆகியவற்றைத் தவிர அதில் வேறெதுவும் எழுதவில்லை.