எந்த ஒல்லாந்தர் காலம்?

உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியின் இரவுச் சாப்பாட்டுப் பட்டியலில் அந்த வரி இருந்தது: ஆசிய முறை இறைச்சி உருண்டை, கச்சான் சோஸ், சோறு. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், திருகோணமலையின் ஒல்லாந்தர் காலத்து உணவு என்று போட்டிருந்தார்கள். பரிமாறிய பையனிடம் கேட்டேன். "அப்படித்தான் சொல்றாங்க அண்ணன். வெள்ளைக்காரருக்கு நல்ல விருப்பம்" என்றான்.

உருண்டை நன்றாகவே இருந்தது. உறுத்தியது அந்தச் சின்ன எழுத்துத்தான். துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள தெருக்களில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டிலோ அயலிலோ யாரும் இறைச்சியைக் கச்சான் சோஸில் போட்டுத் தந்ததில்லை. கச்சான் எங்களுக்குக் கோயில் திருவிழாவில் கடதாசிச் சுருளில் வரும். கொஞ்சம் காசு கூட இருந்தால் கச்சான் அல்வாவாக வரும். கறிச்சட்டிக்குள் அது இறங்கியதை நான் கண்டதில்லை. அப்படியானால் எந்த ஒல்லாந்தர், எந்தக் காலம்?

முதலில் ஆண்டுகளைப் பார்க்க வேண்டியிருந்தது. போர்த்துக்கேயர் 1622இல் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். இடையில் விட்டுப்போய், 1665இல் திரும்பி வந்து நிலைகொண்டார்கள். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் பறித்தார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் அவர்களிடமிருந்து பறித்தார். உடன்படிக்கையின் பின் மறுபடி ஒல்லாந்தர் கைக்குப் போய், 1795இல் ஒரேயடியாக ஆங்கிலேயரிடம் வந்தது. இப்போது மான்கள் மேய்கிற பிரெட்ரிக் கோட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே 1803இல்தான். ஆகவே விடுதிக்காரர் சொல்வது உண்மையானால், உருண்டையும் சோஸும் 1795க்கு முன் இந்தக் குடாவுக்குள் வந்திருக்க வேண்டும்.

உருண்டை யாருடையது என்று கேட்பது வீண்வேலை. இறைச்சியைக் கொத்தத் தெரிந்த எல்லா ஊரிலும் உருண்டை உண்டு. கேட்க வேண்டியது, அது உடையாமல் எதனால் நிற்கிறது என்பதை. செட்டிநாட்டுக் கோளா உருண்டையைப் பொட்டுக்கடலை மா பிடித்து வைக்கிறது. இந்தோனேசியாவின் பாக்சோவில் இறைச்சியைப் பசையாகும் வரை அரைத்து, மரவள்ளி மா சேர்த்து, தண்ணீரில் அவிப்பார்கள். அது பற்களுக்கிடையில் றப்பர் மாதிரித் துள்ளும். ஒல்லாந்தர் வழி வந்த பிரிக்கடெலில் நனைத்துப் பிழிந்த பாணும் முட்டையும் உள்ளே, பாண்தூள் வெளியே, கறுவா, கராம்பு, சாதிக்காய், மிளகு வாசம், எண்ணெயில் பொரியல். இந்த விடயத்தில் வாசனைச் சரக்கை நம்பக் கூடாது, அது எல்லாக் கப்பலிலும் ஏறும். பிணைப்பை நம்பலாம். ஒரு குடும்பம் மசாலாவை மாற்றும். உருண்டை உடையாமலிருக்க அம்மம்மா செய்த வேலையை இலேசில் மாற்றாது.

விடுதிச் சமையல்காரரிடம் போய்க் கேட்டேன். பாண், முட்டை, கொஞ்சம் சாதிக்காய் என்றார். பிரிக்கடெல்தான். விடுதிக்காரருக்கு ஒரு புள்ளி.

ஆனால் பிரிக்கடெலின் இலங்கை முகவரி திருகோணமலை இல்லை. 1908இல் தொடங்கிய டச்சுப் பறங்கியர் சங்கம் கொழும்பு ரீட் அவெனியூவில் இருக்கிறது. அங்கே வாழையிலையைப் பிரித்து லம்பிரைஸ் சாப்பிட்டேன். இறைச்சி அவித்த நீரில் வெந்த சோறு, பல இறைச்சி கலந்த கறி, கத்தரிக்காய்ப் பாகி, காய்ந்த இறால் சம்பலான பிளாச்சான், ஓரத்தில் கோலிக்குண்டு அளவில் பிரிக்கடெல். எல்லாவற்றையும் இலையில் மடித்து மறுபடி சூட்டடுப்பில் வைத்து எடுத்திருப்பார்கள். ஹில்டா டியூட்ரம் தொகுத்து 1929இல் வெளிவந்த சிலோன் டெய்லி நியூஸ் சமையல் புத்தகம் இத்தகைய பறங்கியர் வீட்டுச் சமையலை அச்சில் ஏற்றி, நாடு முழுவதும் குசினிகளுக்குள் கொண்டுபோனது. திருகோணமலை, மட்டக்களப்புப் பறங்கியர் பெரும்பாலும் போர்த்துக்கேய வழியினர். அவர்களுடைய மூத்தவர்கள் வீட்டில் பேசியதும் போர்த்துக்கேயக் கிரியோல்தான். எங்கள் ஊருக்குப் பிரிக்கடெல் கோட்டை வாசலால் வந்ததைவிடப் புத்தகத்தாலும் பேக்கரிக் கண்ணாடிப் பெட்டியாலும் வந்திருக்கும் என்பதே என் எண்ணம்.

முக்கியமான இன்னொன்று: லம்பிரைஸில் பிரிக்கடெல் உலர்ந்தே கிடக்கும். அதன்மேல் சோஸ் ஊற்றுவதில்லை.

சோஸின் கதை வேறு கடலில் தொடங்குகிறது. கச்சான் தென்னமெரிக்காவின் பயிர். மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களுக்குரியதுதான். ஸ்பானியக் கப்பல்கள் 1565 முதல் மெக்சிகோவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் இடையில் பசிபிக்கைக் குறுக்கறுத்து ஓடின. போர்த்துக்கேயர் பிரேசிலிலிருந்து ஆபிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். இவற்றுக்கு முன் ஆசியாவில் யாரும் கச்சானை இடித்துச் சோஸ் செய்திருக்க முடியாது. ஜாவாவில் அது தேங்காய்ப்பாலையும் புளியையும் பனைவெல்லத்தையும் சந்தித்து, சுட்ட இறைச்சிக்குத் துணையானது. சாத்தே என்ற அந்தச் சுட்ட இறைச்சி ஜாவாத் தெருக்களில் பெயர் எடுத்தது 19ஆம் நூற்றாண்டில்.

இலங்கைக்கும் ஜாவாவுக்கும் பாலம் போட்டவர்கள் மலாயர்கள். ஒல்லாந்தர் 1656இல் கொழும்பைப் பிடிக்கும்போதே கீழைத்தீவுப் படையாட்கள் அவர்களோடு நின்றார்கள். ஜாவாவின் பத்தாவியாவிலிருந்த ஒல்லாந்தர் ஆட்சிக்குத் தொல்லை கொடுத்த அரசர்களும் அறிஞர்களும் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டார்கள். மக்காசாரின் ஷெய்க் யூசுப் 1684இல் இங்கு வந்து, பத்து வருடத்துக்குப் பின் நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பப்பட்டார். ஜாவாவின் மூன்றாம் அமங்குராத் மன்னர் 1708இல் வந்து, இங்கேயே காலமானார். அரச குடும்பம் வந்தால் குசினியும் கூட வரும்.

இதில் பலர் விட்டுவிடும் ஒரு விடயம் உண்டு. மலாயர் வரவு ஒல்லாந்தரோடு முடியவில்லை. ஆங்கிலேயர் அவர்களைத் தனிப் படைப்பிரிவாகத் திரட்டினார்கள், அது 1827இல் இலங்கை ரைபிள் படையானது, 1873இல் கலைக்கப்பட்டது. ஜாவா ஆங்கிலேயர் கையில் இருந்த 1811–1816 காலத்தில் அங்கிருந்தும், பிறகு பினாங்கு, சிங்கப்பூர்ப் பக்கங்களிலிருந்தும் ஆள் சேர்த்தார்கள். வரலாற்றாசிரியர் பி. ஏ. ஹுசைன்மியாவின் நூல்கள் இந்தப் படையாட்களின் குடும்ப வாழ்வை விரிவாகச் சொல்கின்றன. நாட்டின் காவலரண்கள் எங்கும் இந்தப் படை நின்றது. சாத்தே ஜாவாத் தெருவுக்கு வந்த காலமும் இந்த ஆட்சேர்ப்புக் காலமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. கச்சான் சோஸ் ஏறிவந்தது இந்த மலாய்ப் படையாளின் பெட்டியோடுதான் என்று நான் நினைக்கிறேன்; ஒல்லாந்தரின் கப்பல் அதற்கு முன்பே கரையை விட்டுப் போய்விட்டது.

இன்று நாடு முழுவதிலும் மலாயர் நாற்பதாயிரம் பேரைச் சற்றுத் தாண்டுவார்கள். எங்கள் நகரிலும் சில குடும்பங்கள் உண்டு. பொலிஸ் உத்தியோகத்தில் இருந்தவர்களின் வழிவந்த ஒரு வீட்டுக்கு, தெரிந்தவர் மூலம் போனேன். வீட்டு அம்மாவுக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். மலாயும் தமிழும் ஒரே மூச்சில் வரும்.

"சாத்தேக்கு இறைச்சியை ஈர்க்கிலதான் குத்தணும் தம்பி. கடையில வாங்கிற மூங்கில் குச்சியெல்லாம் இப்ப வந்த பழக்கம்" என்றார். கச்சானை வெறுஞ்சட்டியில் மெல்லிய நெருப்பில் வறுத்தார். தோல் வெடிக்கத் தொடங்கியதும் இறக்கிச் சுளகில் போட்டு, ஆறவிட்டு, தேய்த்துப் புடைத்தார். நான் மிக்சியைப் பார்த்தேன். அவர் உரலைக் காட்டினார். "மாவாக்கிப் போடாத. பாதி மா, பாதி குறுணி. வாயில கச்சான் தெரியணும்." செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உள்ளி மூன்றையும் அம்மியில் அரைத்து எண்ணெயில் வதக்கினார். எலுமிச்சைப் புல்லின் அடித்தண்டை நசுக்கிப் போட்டார். இரண்டாம் பால், பிறகு கச்சான், புளி, சர்க்கரை. முதற்பால் கடைசியில். சோஸின் ஓரத்தில் சிவப்பு எண்ணெய் மிதந்ததும் அடுப்பை அணைத்தார். அந்த எண்ணெய் மிதக்காவிட்டால் பச்சை வாடை போகாது என்பது அவருடைய சட்டம்.

உருண்டையைப் பொரித்து இதற்குள் போடுவீர்களா என்று கேட்டேன். சிரித்தார். "இதுக்குள்ளயா? எங்கட உம்மும்மா இருந்திருந்தா அகப்பையாலயே போட்டிருப்பா."

அப்படியானால் இரண்டையும் சேர்த்தது யார்? விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. நெதர்லாந்தில் உட்ரெக்ட் பக்கம் குடியிருக்கும் என் மச்சாளோடு தொலைபேசியில் கதைக்கும்போது இதைச் சொன்னேன். "ஐயோ மச்சான், இதுக்கா இவ்வளவு அலைச்சல்? இஞ்ச சின்னச் சாப்பாட்டுக்கடை எல்லாத்திலயும் இறைச்சி உருண்டைக்கு மேல சாத்தே சோஸ் ஊத்தித்தான் தருவாங்கள். உருளைக்கிழங்குப் பொரியலுக்கும் அதுதான்" என்றாள்.

அந்த முடிச்சு அவிழ்ந்தது. இந்தோனேசியா 1945இல் சுதந்திரத்தை அறிவித்தது. 1949 டிசம்பரில் ஒல்லாந்து அதை ஏற்றது. அந்த ஆண்டுகளிலும் அதன் பின்னரும் சுமார் மூன்று இலட்சம் பேர் அங்கிருந்து ஒல்லாந்துக்குப் போனார்கள். பலர் கலப்புக் குடும்பத்தினர். நாக்கில் ஜாவாவின் சுவை. அவர்களுடைய கச்சான் சோஸ் ஒல்லாந்தரின் தெருக்கடைக்குள் இறங்கி, அங்கே ஏற்கெனவே இருந்த இறைச்சி உருண்டைமேல் ஊற்றப்பட்டது. உருண்டையும் சோஸும் கைகோத்தது 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், குளிர்ந்த ஒரு நாட்டின் தெருமுனையில். உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் வெள்ளைக்காரர் விடுமுறைக்கு வருகிறார்கள். தங்கள் ஊரில் பழகிய சுவையைக் கேட்கிறார்கள். விடுதிகள் செய்து கொடுக்கின்றன. ஒல்லாந்தர் உணவு என்பது சரிதான். கோட்டை ஒல்லாந்தருடையது இல்லை, உல்லாசப் பயண ஒல்லாந்தருடையது.

இதற்காக அந்தச் சாப்பாட்டை ஒதுக்கிவிட வேண்டுமா? நான் ஒதுக்கவில்லை. வீட்டில் செய்கிறேன், இப்படி. அரைக் கிலோ கொத்திய மாட்டிறைச்சி, அல்லது கோழி. இரண்டு துண்டுப் பாண் பாலில் நனைத்துப் பிழிந்தது, ஒரு முட்டை, பொடியாய் வெட்டிய வெங்காயம், மிளகு, கறுவாத்தூள், சாதிக்காய் ஒரு சீவல், உப்பு, பாதித் தேசிக்காய்ப் புளி. பிசைந்ததும் அரை மணித்தியாலம் குளிரில் வைத்தால் உருட்டும்போது கையில் ஒட்டாது. பாண்தூளில் புரட்டித் தாச்சியில் பொரித்து எடுக்கலாம். சோஸ் அந்த அம்மா சொன்னபடியே, ஒரு கோப்பைக் கச்சானுக்கு இரண்டு கோப்பைத் தேங்காய்ப்பால். உருண்டையைச் சோஸில் போட்டுக் கொதிக்க வைப்பது மட்டும் கூடாது; மேலோடு ஊறிச் சேறாகிவிடும். கோப்பையில் சோற்றை வைத்து, உருண்டையை அடுக்கி, சூடான சோஸை அப்போதே ஊற்ற வேண்டும். பக்கத்தில் வெள்ளரிக்காயும் வெங்காயமும் தேசிக்காய்ப் புளியில். சூரை மீனிலும் செய்து பார்த்தேன். மீனின் வாடை கச்சானோடு சண்டை போடுகிறது. துறைமுகத்து ஊர்க்காரன் இதைச் சொல்லக் கூடாது, ஆனாலும் இறைச்சிதான் இதற்குச் சரி. கச்சான் ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டில் உண்டா என்று விருந்துக்கு அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள். அந்த ஒவ்வாமை உயிராபத்து வரைக்கும் போகக் கூடியது.

இந்தத் தேடலில் என்னைக் கவலைப்படுத்தியது ஒன்றுதான். அந்த மலாய் அம்மாவின் அளவுகள் எங்கேயும் எழுதப்படவில்லை. அவருடைய பிள்ளைகள் கொழும்பிலும் வெளிநாட்டிலும். பறங்கியர் சமையலுக்கு 1929இலேயே ஒரு புத்தகம் கிடைத்தது. எங்கள் ஊர் மலாய் வீடுகளுக்கும், கிண்ணியா மூதூர் முஸ்லிம் வீடுகளுக்கும், பாலையூற்றுப் பறங்கியர் வீடுகளுக்கும் அப்படி ஒன்று வேண்டும். உங்கள் வீட்டுப் பெட்டியடியில் எண்ணெய்க் கறை படிந்த சமையல் கொப்பி கிடந்தால், பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். பக்கம் பக்கமாகப் படமெடுத்து, எழுதியவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று முதல் பக்கத்திலேயே குறித்து, 2005 முதல் ஈழத்து எழுத்துகளைச் சேகரித்துவரும் நூலகம் நிறுவனம் போன்ற ஓர் இடத்தில் சேர்த்துவிடுங்கள்.