நிறத்திலும் பேணுதல் வேண்டும்



நோன்புக் காலம் நெருங்கினால், நம் மதரஸாவிற்கு வரும் தாய்மார்கள் கைப்பேசியில் வந்த ஒரு பட்டியலைக் காட்டி விளக்கம் கேட்பது வழக்கமாகிவிட்டது. 'இ' என்ற எழுத்தோடு எண் அச்சிட்ட தின்பண்டங்கள் அனைத்திலும் பன்றிக் கொழுப்பு உள்ளது என்கிறது அது. 'இ' என்பது ஐரோப்பாவில் அனுமதி பெற்ற சேர்பொருளுக்கான வரிசை எண்ணே அன்றி வேறில்லை. இந்திய உறைகளில் அதே எண் 'ஐ.என்.எஸ்.' என்ற குறியோடு வரும். எண் 100, நம் அம்மியில் அரைபட்ட மஞ்சளின் நிறம். அதை ஹராம் என்போமா?

அடுத்த எண் 101, ரைபோஃபிளேவின். அது வைட்டமின் பி2. பாலிலும் முட்டையிலும் ஈரலிலும் அல்லாஹ் வைத்துள்ள சத்து. பி காம்ப்ளக்ஸ் மாத்திரை உண்டவருக்குச் சிறுநீர் அடர் மஞ்சளாவதும் இதனால்தான். உடல் தன் தேவைக்கு மிஞ்சியதை வெளியேற்றிவிடுகிறது. இன்று ஆலைகளில் இதனைப் பெரும்பாலும் நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்கச் செய்து எடுக்கின்றனர். இந்தியச் சட்டம் அனுமதித்த இயற்கை நிறங்களில் இதுவும் ஒன்று. அல்லாஹ் தடுக்காததை நாமாகத் தடுப்பது பேணுதல் ஆகாது.

எனினும், வைட்டமின் என்ற பெயர் மட்டும் போதாது. வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டீன் (160ஏ) கேரட்டில் உள்ள நிறமே. ஆயினும் அதைத் தூளாக்கும்போது சில தயாரிப்புகளில் ஜெலட்டின் சேர்க்கப்படுகிறது. அந்த ஜெலட்டின் எதிலிருந்து வந்தது என்று கேட்பதே முறையான பேணுதல். உறையில் பச்சைக் குறி இருந்தால் பால், தேன் போன்றவை தவிர வேறு விலங்குப் பொருள் இல்லை என்று பொருள். பழுப்புக் குறி இருந்தால் விசாரிக்க வேண்டும்.

அல்பகரா அத்தியாயத்தின் 168ஆம் வசனம் ஹலாலோடு தய்யிபையும், அதாவது தூய்மையானதையும் நல்லதையும், சேர்த்தே சொல்கிறது. 2024 பிப்ரவரியில் நம் புதுச்சேரி அரசும், தொடர்ந்து தமிழ்நாடு அரசும் பஞ்சுமிட்டாய் விற்பனையைத் தடை செய்தன. துணிக்கும் காகிதத்திற்கும் ஏற்றும் ரோடமின் பி என்ற சாயம் அதில் கலந்திருந்ததே காரணம். அதில் பன்றியும் இல்லை, மதுவும் இல்லை. அதனால் பிள்ளைகளுக்கு ஊட்டத் தகுந்ததாகிவிடுமா?

ஈரமான தானியத்தை அடியில் மறைத்து, உலர்ந்ததை மேலே காட்டிய வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த வரலாற்றை மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். குங்குமப்பூ இல்லாத சோற்றுக்குக் குங்குமப்பூவின் தோற்றம் தருவதும் அந்த மறைப்பின் இனமே. கேசரிப் பவுடரில் உள்ள செயற்கை நிறங்களை இனிப்புகளில் கிலோவிற்கு 100 மில்லிகிராம் வரை சட்டம் ஏற்கிறது, பிரியாணியில் ஏற்பதில்லை. காரைக்காலில் நிக்காஹ் விருந்துக்குச் சமையல்காரரிடம் சாமான் பட்டியல் எழுதி வாங்கும்போதே, நிறப்பொடி வேண்டாம் என்று சொல்லிவிடலாம். மஞ்சளும், வசதியுள்ளோர்க்குக் குங்குமப்பூவும் போதும். நிறமே இல்லாத நெய்ச்சோற்றை நம் முன்னோர் குறையாகக் கருதியதில்லை.

பட்டியலைப் பிறருக்கு அனுப்பும் முன் உறையைப் படிப்போம். தெரியாததை அறிந்தோரிடம் கேட்போம். நம் உணவை ஹலாலாகவும் தய்யிபாகவும் அல்லாஹ் ஆக்கித் தருவானாக. ஆமீன்.